சிறு வயிற்றுக்கு மெல்லுணவு

தீவுப் பகுதியில் ஒருவர் நோயுற்றுப் படுத்தாரென்றால், பார்க்க வருவோர் வெறுங்கையுடன் வருவதில்லை. ஒருவர் முட்டை கொண்டு வருவார், இன்னொருவர் அன்று காலை கரைக்கு வந்த விளைமீனில் இரண்டைப் பனையோலைப் பையிலே போட்டுக் கொண்டு வருவார், மூன்றாமவர் பனங்கட்டிக் குட்டானுடன் வந்து தலைமாட்டில் அமர்ந்து, “என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்பார். “ஒன்றும் இல்லை” என்ற மறுமொழி வந்துவிட்டால் வீடு முழுவதும் கலங்கிப் போகும். உண்ணாத நோயாளி பிழைக்கமாட்டார் என்பது நம்மவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலே நியாயம் உண்டு. ஆனால், வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வீடு திரும்பிய ஒருவர் முன்னே அந்த அன்பு எவ்வளவு ஆபத்தாக மாறக்கூடும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நயினாதீவிலே என் கண்ணாற் கண்டேன்.

என் தங்கையின் மகளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. சிறு வயதிலிருந்தே பருத்த தேகம். இருபத்தாறு வயதில் நீரிழிவு வந்தது. பின்னர் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. கொழும்பிலே ஒரு வைத்தியசாலையில் உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலே இரண்டு கிழமை தங்கிவிட்டு ஊருக்கு வந்தாள். வைத்தியசாலையிலே கொடுத்த உணவு விதிகள் அடங்கிய தாள் ஒன்று அவள் பையில் இருந்தது. அது முழுவதும் ஆங்கிலம். சமைப்பவள் தாய், தாய்க்கோ தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். மகள் சொன்னதை அவள் கேட்டாள். ஆனால் அச்சிட்ட எழுத்துக்கு இருக்கும் மதிப்பு மகளின் வாய்ச்சொல்லுக்கு எந்த வீட்டிலே உண்டு?

அது ஆனி மாதம். நாகபூசணி அம்மன் திருவிழாக் காலம். குறிகட்டுவானிலிருந்து படகு படகாகச் சனங்கள் வந்து இறங்கிய வண்ணம் இருந்தார்கள். வீட்டிலும் உறவினர் கூட்டம். அன்னதான மடத்திலிருந்து வந்த சோற்றைத் தங்கை மகளின் முன்னே வைத்தாள். “அக்கா, பிள்ளை தண்ணியும் பாலுமாக் குடிச்சுக் காய்ஞ்சு போனாள். இது சாமிச் சோறு. ஒரு பிடி குடுத்தால் என்ன செய்யப் போகுது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நானும் வாய் திறக்கவில்லை. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

பிள்ளை இரண்டு பிடி உண்டாள். கால் மணி நேரத்துள் நெஞ்சுக்குள்ளே கல் வைத்தாற்போல அடைத்தது. வாந்தி. அன்றோடு நின்றிருந்தால் பாதகமில்லை. மறுநாளும் வாந்தி, அதற்கு மறுநாளும் வாந்தி. பயத்தினாலே கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டேன் என்றாள். ஏழாம் நாள் காலையிலே கிணற்றடிக்குப் போனவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பெரியம்மா, எனக்கு எல்லாம் இரண்டு இரண்டாத் தெரியுது” என்றாள். நடை தள்ளாடியது.

சோளகக் காற்று உரத்து வீசும் காலத்தில் அந்தச் சிறு கடலைக் கடப்பது சாதாரண நாட்களைப் போன்றதன்று. படகு ஆடிய ஆட்டத்தில் அவள் தலை என் மடியிலே கிடந்தது. யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் எங்களைப் பார்த்த இளம் வைத்தியர், “இவருக்கு என்ன சத்திரசிகிச்சை நடந்தது?” என்றுதான் முதலிற் கேட்டார். சொன்னோம். உடனே தாதியை அழைத்து, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னர் உயிர்ச்சத்து ‘பி 1’ ஊசியை நாளத்தில் ஏற்றச் சொன்னார். இரண்டொரு நாளிற் பார்வை தெளிந்தது. நடை சீராகச் சில கிழமைகள் சென்றன. குழாயிலே கமெரா விட்டுப் பார்த்ததில் வயிற்றில் ஒடுக்கம் எதுவும் இல்லை என்றார்கள். உண்ட சோறும், அதன் பின்னே உண்ணாத பட்டினியும் சேர்ந்து செய்த வேலை.

வீடு திரும்பியதும் தங்கை அந்த ஆங்கிலத் தாளை என் கையிலே தந்து, “இதைத் தமிழில் எழுதித் தா அக்கா, அடுப்படிச் சுவரிலே ஒட்டி வைக்கிறேன்” என்றாள். எழுதினேன். ஆனால் அந்தத் தாளில் இருந்த உணவுகள் நம் அடுப்படியிலே இல்லாதவை. ஓட்ஸ் கூழும், வான்கோழி இறைச்சியும், பெட்டியில் அடைத்த பாற்கட்டியும் நயினாதீவிலே யார் வீட்டில் இருக்கும்? ஆகவே அதன் விதிகளை வைத்துக்கொண்டு, பண்டங்களை நம் கடலிலும் கொல்லையிலும் தேடினேன். இவ்வாரப் பத்தி அந்தத் தாளின் விரிவேயாகும்.

முதலிலே அந்தச் சத்திரசிகிச்சை இன்னதென்று விளங்கிக்கொள்வது நல்லது. இரைப்பைப் புண்ணுக்காக வயிற்றின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது முன்னாளிலே வழக்கமாயிருந்தது. அவ்வாறு வெட்டப்பட்டவர்கள் மீண்டும் பருக்கமாட்டாது மெலிந்தே இருப்பதை அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சை நிபுணர் எட்வேர்ட் மேசன் கவனித்தார். அதையே பருமனுக்கு மருந்தாக்கி, 1966ஆம் ஆண்டில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைத்தார். இன்று அதிகம் செய்யப்படுவது வேறொரு முறை. இரைப்பையின் ஐந்தில் நான்கு பங்கை நீளவாட்டில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவினதான ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். முன்பு ஒரு லீற்றருக்கு மேலே கொண்ட பை இப்போது ஒரு தேநீர்க் கோப்பை அளவும் கொள்ளாது. வெட்டி எடுக்கும் பகுதியிலேதான் பசியைத் தூண்டும் ‘கிறெலின்’ என்ற சுரப்பு மிகுதியும் ஊறுகிறது. 1999இல் யப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த பொருள் அது. ஆகவே நோயாளி “பசியில்லை” என்று சொன்னால் அது பாசாங்கன்று. உண்மையிலே பசி இல்லை.

“தின்பதைக் குறைத்தாற் போதாதா? இதற்கு ஏன் கத்தி?” என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முன்பு கேட்டவள்தான். உடல் எடையைக் கிலோவிலே எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்தால் ஓர் எண் வரும். அது 35க்கு மேற்பட்டால் சத்திரசிகிச்சையை ஆலோசிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் கூறுகிறது. ஆசிய மக்களாகிய நமக்கு வயிற்றைச் சுற்றியே கொழுப்புச் சேர்வதாலும், குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதாலும், 27.5 முதலே அதனை ஆலோசிக்கலாம் என்பது அவ்வழிகாட்டலின் கருத்து. இலங்கையில் வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ, நீரிழிவின் முன்னிலையோ உண்டென்று 2008இல் வெளியான ஆய்வு கூறியது. நெய்யும் சர்க்கரையும் மட்டும் இதற்குக் காரணமல்ல. தோணி வலித்தும், தோட்டத்துக்குத் துலா மிதித்தும் உண்ட சோற்றை எரித்த பரம்பரையின் பிள்ளைகள் நாம். உழைப்பு நின்றுவிட்டது, சோற்றுக் கோப்பை மட்டும் அதே அளவிலே இருக்கிறது.

வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை உணவு படிப்படியாக ஏறும். முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீர். பின்னர் இரண்டாம் கிழமை முடிய நீராகாரம். மூன்றாம், நான்காம் கிழமைகளில் மசித்து அரைத்த உணவு. ஐந்தாம், ஆறாம் கிழமைகளில் மெல்லிய உணவு. அதற்கப்பாலே மெல்ல மெல்ல வீட்டார் உண்பது. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை இந்தக் கணக்கு ஒரு கிழமை முன்பின்னாக மாறும். உங்கள் வைத்தியர் சொன்ன கணக்கே உங்களுக்குக் கணக்கு.

இதைத் தங்கைக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. “பிள்ளை பெற்ற வீட்டிலே பத்தியம் காக்கிறோமே, அதைப் போல நினை” என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. பத்தியம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் அதிகாரம் வேறெந்த மருத்துவச் சொல்லுக்கும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு யாரும் “ஒரு பிடி” என்று உறைப்புக் கறியை நீட்டுவதில்லையே! அன்றுமுதல் வருவோர் போவோரிடம் எல்லாம், “பிள்ளை பத்தியம்” என்று தங்கையே சொல்லிவிடுவாள். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

பத்தியச் சரக்கே இந்தச் சமையலுக்கும் அடிப்படையாயிற்று. மல்லி, நற்சீரகம், மஞ்சள், உள்ளி, சிறு துண்டு வேர்க்கொம்பு ஆகியவற்றை அம்மியிலே பட்டுப்போல அரைத்தெடுத்தேன். மிளகாய் இல்லை; மிளகு மணத்துக்கு மட்டும். நல்ல விளைமீன் அல்லது பாரையின் தலையையும் முள்ளையும் இந்தச் சரக்குடன் மெல்லிய தீயில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, துணியிலே இரண்டு முறை வடித்தால் மீன் சரக்குத் தண்ணீர் ஆயிற்று. நீராகாரக் காலத்தில் இது வாய்க்கு ருசி தரும். இதனுடன் பருப்பை நன்கு கரைய அவித்து வடித்த நீர், வெண்ணெய் எடுத்த மோர், சீனியில்லாப் பால் என்று மாறி மாறிக் கொடுக்கலாம். ஒரு பாலாடை அளவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக உறிஞ்ச வேண்டும். மடமடவென்று குடிக்கும் பழக்கத்தை மறந்தேயாக வேண்டும்.

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நோய் என்றதும் நாம் நாடுவது கஞ்சியைத்தான். வடித்த கஞ்சியில் மாச்சத்தும் தண்ணீருமே உண்டு. புரதம் மிகச் சொற்பம். இந்த வயிற்றிலே இடம் குறைவு. அந்த இடத்தைக் கஞ்சியால் நிரப்பினால் தசை கரையும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும் என்பது பொது விதி. அறுபது கிராம் என்றால் என்ன என்று தங்கை கேட்டாள். நாங்கள் இருவரும் திண்ணையில் இருந்து கணக்குப் பார்த்தோம். காலையிலே ஒரு சிறு கோப்பைப் பாலில் ஆடை நீக்கிய பால்மா இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் 10 கிராம். முட்டை ஒன்று 6. மதியத்துக்கு அவித்த மீன் சதை 60 கிராம் எடுத்து மசித்தால் 13. கால் கோப்பைப் பருப்பு 4. நூறு கிராம் தயிர் 4. மாலையில் மீண்டும் பால்மா கலந்த பால் 10. இரவு மீண்டும் மீன் 13. கூட்டிப் பார்த்தபோது சரியாக அறுபது வந்தது. தங்கை சிரித்துவிட்டாள். ரொறொன்ரோவிலிருந்து மச்சான் ஒருவர் அனுப்பிய பெரிய டப்பாப் புரத மாவு அலுமாரியிலே இருந்தது. அது முதல் இரண்டு கிழமைக்கு உதவியாய் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் கிழமைக்கு மேலே விளைமீன் அதனைத் தோற்கடித்துவிட்டது.

மசித்த உணவுக் காலந்தான் அடுப்படியாளின் திறமைக்குச் சோதனை. வாய்க்குள் வைத்தால் குழந்தைக்கு ஊட்டும் களி போல இருக்க வேண்டும். முள், நார், தோல், விதை எதுவும் கூடாது. மீன் மசியலை நான் செய்தது இப்படி. விளைமீன் துண்டை மஞ்சளும் உப்புமிட்டு ஆவியில் அவித்தேன். தோலை உரித்து, விரலாலே தடவித் தடவி முள் எடுத்தேன். மின்விளக்கின் கீழே வைத்து இன்னொருமுறை பார்த்தேன். பின்னர் மத்தாற் கடைந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் இல்லாத மஞ்சட் சொதியில் இரண்டு கரண்டி விட்டு மறுபடியும் கடைந்தேன். சொதிக்கு இரண்டாம் பால் மட்டும். முதற்பாலின் கொழுப்பு இந்த வயிற்றைக் குமட்டச் செய்யும். இறக்கும்போது இரண்டு துளி தேசிக்காய்ப் புளி. மூன்று மேசைக்கரண்டி அளவே ஒரு வேளை உணவு. சிறு கரண்டியால் எடுத்து அரை மணி நேரம் இருந்து உண்ண வேண்டும். போதும் என்று வயிறு சொன்ன பின்னர் ஒரு கரண்டி கூடினாலும் வாந்திதான். கோப்பையில் மிஞ்சியதை வீணாகப் போகுதே என்று வழித்து உண்ணச் சொல்லக்கூடாது.

பருப்பையும் பூசணிக்காயையும் சேர்த்தவித்து மசித்தது பிள்ளைக்கு மிகவும் பிடித்தது. தோல் நீக்கிய பயறு வறுத்து, நன்கு கரைய அவித்து, பால் விட்டுக் கடைந்து, ஏலம் சிறிது போட்டால் அதுவும் நன்று. ஆனால் பனங்கட்டி போடக் கூடாது. இது நம்மவர்க்குக் கசப்பான விதி. பனங்கட்டி மருந்து, சீனி விஷம் என்பது நம் எண்ணம். வெட்டிய வயிற்றுக்கு இரண்டும் ஒன்றே. இனிப்பு விரைந்து குடலுக்குள் பாய்ந்தால், நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிறு கலங்கி, மயக்கம் வரும். வயிற்றைக் குடலோடு இணைத்தவர்களுக்கு இது மிகுதி. பனாட்டு, பாணி, கருப்பநீர், தேனீர்ச் சீனி எல்லாம் இதிலே அடங்கும். உழுத்தங்களியும் அப்படியே; அதிலே நல்லெண்ணெயும் சர்க்கரையுமே பாதி. பப்பாசிப் பழத்தை மட்டும் பழுத்ததாகப் பார்த்து மசித்து இரண்டு கரண்டி கொடுத்தேன்.

முருங்கையிலை இரும்புச் சத்துள்ளது என்று அயலவள் ஒருத்தி வறை செய்து கொண்டு வந்தாள். நல்ல மனம். ஆனால் இலை வறை உலர்ந்த நாரும் தேங்காய்ப் பூவுமாகச் சிறு குழாயிலே சிக்கிக்கொள்ளும். அவித்து அரைத்து வடித்துப் பருப்பிலே கலந்தேன். அவளுக்கும் மனம் நோகவில்லை.

ஐந்தாம் கிழமை வந்ததும் மீனை மசிக்காமல் சிறு துண்டாக உதிர்த்துச் சொதியில் ஊறவைத்துக் கொடுத்தேன். அவித்த முட்டையைத் தயிரோடு பிசைந்தேன். கத்தரிக்காயைத் தணலிலே சுட்டுத் தோலுரித்து, விதை மிகுந்த நடுப்பகுதியை நீக்கிப் பிசைந்து மோர் விட்டதை, “பெரியம்மா, இதுதான் சாப்பாடு” என்று கண் மூடி உண்டாள். நண்டின் காற்சதையை அரைத்துச் சேர்க்கலாம். இறால் நார்பிடித்தது, நன்கு அரைத்தாலன்றி வேண்டாம். கணவாயைப் பல மாதங்களுக்கு மறந்துவிட வேண்டும்; அதை மெல்லும் பல்லை விழுங்கும் வயிறு நம்பாது. கருவாட்டின் உப்பும் கடினமும் ஆகாது. சுறாவறை பத்தியக் கறி என்று பேர்பெற்றதுதான். சிறு சுறாவானால் ஆறு கிழமைக்குப் பின்னர் நன்கு மென்று உண்ணலாம். பெரிய சுறாவின் சதையிலே பாதரசம் கூடுதலாய்ச் சேருமாகையால் அதைத் தவிர்ப்பது நலம்.

பிட்டும் சோறும் இடியப்பமும் பாணும் கடைசியிலேதான் வர வேண்டும். உறைப்பிலும் எண்ணெயிலும் குற்றம் இருப்பது எல்லோர்க்கும் தெரியும்; ஆனால் வெறும் சோற்றிலே என்ன குற்றம் என்று திகைப்பார்கள். சோறும் பாணும் வயிற்றினுள்ளே ஊறிப் பருத்து உருண்டையாகி வாயிலை அடைத்துவிடும். ஒடியற்பிட்டு அதனினும் கடினம். கூழைப் பற்றி என்னிடம் பலர் கேட்டார்கள். கூழ் நீராகாரந்தானே என்பது அவர்கள் வாதம். ஒடியல் மாவின் நார், செத்தல் மிளகாயின் காரம், பலாக்கொட்டை, பயற்றங்காய், நண்டுக் கோது இத்தனையும் மிதக்கும் சட்டியை நீராகாரம் என்று எப்படிச் சொல்வது? அரை ஆண்டு கழியட்டும். அப்போதும் அரைச் சிரட்டை போதும்.

தண்ணீர் வேறொரு சங்கடம். உணவோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. உண்டு அரை மணி நேரம் சென்ற பின்னரே குடிக்க வேண்டும். அப்படியானால் நாளுக்கு ஒன்றரை லீற்றரை எப்போது குடித்து முடிப்பது? இடைவெளிகளிலே வாய் வாயாக உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். நம் தீவுகளிலே பல கிணறுகள் உவர். உவர்நீரை வாய் வாயாக உறிஞ்ச யாருக்கு மனம் வரும்? நெடுந்தீவிலும் இந்தத் துன்பம் உண்டு. காசு கொடுத்தாவது நல்ல தண்ணீர் வாங்கி, நற்சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்துச் செம்பிலே பக்கத்தில் வைத்துவிடுங்கள். இதிலே சிக்கனம் பார்க்க வேண்டாம். சிறுநீர் மஞ்சளித்தால் தண்ணீர் போதவில்லை என்று அறியலாம். வாயு நிறைந்த சோடா வகைகளைத் தொடவே கூடாது.

இனி அந்த ‘பி 1’ ஊசிக்கு வருகிறேன். அரிசியைத் தீட்டித் தவிட்டை நீக்கி வெண்மையாக உண்ணத் தொடங்கிய காலத்தில் கீழைத் தேசங்களிலே ‘பெரிபெரி’ என்ற நோய் பரவியது. அப்பெயரே “முடியாது, முடியாது” என்னும் பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். யாவாத் தீவிலே ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்தபோது அவை காலிழுத்து விழுந்தன. தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது எழுந்தன. அதன் வழியே வந்த அறிவுக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. தவிட்டிலே இருந்த அந்தச் சத்தே தயமின் என்னும் ‘பி 1’. உடம்பு அதைச் சேமித்து வைப்பது இரண்டு மூன்று கிழமைக்கு மட்டுமே. வெட்டிய வயிற்றோடு குறைவாக உண்டு, அதையும் வாந்தியெடுத்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். கண் இரட்டித்தல், நடை தள்ளாடல், பேச்சுக் குழம்பல் இவையே அடையாளங்கள். அந்நிலையில் ‘பி 1’ கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்த சொற்பச் சத்தையும் அது விழுங்கிவிட, மூளை கெடும். ஆகவே எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், வயிற்று வலி, வாந்தி என்று சொல்வதற்கு முன்பே, இன்ன திகதியில் வயிற்றை வெட்டும் சத்திரசிகிச்சை நடந்தது என்று சொல்ல வேண்டும். தங்கை அதை ஒரு துண்டிலே எழுதி மகளின் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

தீவிலே இருப்பவர் இன்னொன்றையும் கணக்கிலெடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருப்பவர் இரண்டாம் நாள் வாந்திக்குப் போகலாம் என்று இருக்கலாம்; வீதி இருக்கிறது, வாகனம் இருக்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களுக்கும் தரைவழி உண்டு. நயினாதீவாருக்கும் நெடுந்தீவாருக்கும் அனலைதீவாருக்கும் எழுவைதீவாருக்கும் படகும் காற்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். நெடுந்தீவுப் பயணம் நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம். ஆகவே தண்ணீரும் தங்காத வாந்தி ஒரு நாள் நீடித்தாலே புறப்பட்டுவிடுங்கள். காய்ச்சல், விடாத வயிற்றுக் குத்து, மூச்சு வாங்கல், நாடி படபடத்தல் இவை முதல் மாதத்திலே கண்டால் ஒரு மணி நேரமும் பொறுக்க வேண்டாம். தைத்த இடம் கசிந்திருக்கலாம். முதல் ஆறு கிழமையையும் பட்டினத்தில் உறவினர் வீட்டிலே கழிப்பதே மேல் என்பது என் சொந்த அபிப்பிராயம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே சோளகத்தையும் மாரியையும் தவிர்த்துக் குறிக்கும்படி வைத்தியரைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். கொழும்பிலிருப்பவருக்கு நம் காற்றின் குணம் எப்படித் தெரியும்?

சத்து மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பி 12’, இரும்பு, கல்சியம், ‘டி’ ஆகியவை ஆயுள் முழுவதும் வேண்டும். இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவிட வேண்டும். தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையிலே வாங்கும் இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற நோமாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்பி வளரும். மணமான பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போட வேண்டும் என்பதையும் மாமியார்மார் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பத்தாம் கிழமையில் ஒரு நாள் நான் போனபோது பிள்ளை அடுப்படியிலே தானே நின்றாள். தாய் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்துத் தோசை ஒன்றை எடுத்து, அதில் அரைவாசியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் இருபது முறை மென்று, கால் மணி நேரத்துக்கு மேலாக உண்டாள். தங்கை தட்டகப்பையைக் கையிலே பிடித்தபடி, இரண்டாவது தோசையைப் போடுவதா விடுவதா என்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் தலையை அசைத்தாள். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு, மிச்ச மாவை மூடி வைத்தாள்.